டார்கெட் பதுளை

கொழும்பில் நான் வேலை செய்த கம்பனி ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தது. அங்கே எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தேயிலைத் தூளில் கலந்து கிடக்கும் குச்சியைக் கமெராவால் கண்டுபிடித்துப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தைச் செய்ய வேண்டும். தூள் சரிவான தகட்டில் வழிந்து விழும். விழும்போதே கமெரா படம் எடுக்கும். குச்சி எங்கே வருகிறது என்று கணக்குப் பார்த்து, அது விழும் இடத்தில் மட்டும் காற்றை ஊதி வேறு பெட்டிக்குத் தள்ள வேண்டும். வெளிநாட்டில் அப்படி இயந்திரங்கள் இருந்தன. இங்கேயே செய்துகாட்டுவோம் என்பது முதலாளியின் பெருமை.

என் அம்மா பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தார். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே பெண்கள் உட்கார்ந்து குச்சி பொறுக்கும் மேசை ஒன்று உண்டு. அம்மாவின் இடம் அந்த மேசை. நேர்முகத்தில் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று கேட்டபோது இதை அப்படியே சொன்னேன். முதலாளிக்கு முகம் மலர்ந்தது. என் பட்டம் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். இயந்திரத்தைச் சோதிக்க அவருக்கு ஒரு தொழிற்சாலை தேவைப்பட்டதும், அதற்குள் நுழைய ஓர் ஆள் தேவைப்பட்டதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாயிரத்துகளின் பின்பாதி அது. ஒரே சில்லுக்குள் இரண்டு மூளைகளை வைத்த மின்னணுப் போர்ட்கள் அப்போதுதான் எங்கள் கைக்கு வரத் தொடங்கியிருந்தன. ஒரு மூளையில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும். கமெராவிலிருந்து படத்தை வாங்குவது, கோப்பில் எழுதுவது, திரையில் காட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு. மற்றது டி.எஸ்.பி கோர். அதற்குக் கணக்குப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து இது குச்சியின் நிறமா தூளின் நிறமா என்று பார்க்கும் வேகம் லினக்ஸ் பக்கத்துக்கு வராது. அந்த டி.எஸ்.பி கோரை இயக்கிப் பழகும் வேலை எனக்குத் தரப்பட்டது. அதற்கு முன் நான் அதைக் கண்ணால் கண்டதில்லை.

லினக்ஸ் பக்கம் பழகச் சுலபம். சீரியல் கேபிளை மடிக்கணினியில் செருகினால், எழும்பும்போதே வரிவரியாகப் பேசும். எங்கேயாவது இடித்தால் எங்கே இடித்தது என்று சொல்லும். டி.எஸ்.பி ஊமை. நிரலை நினைவகத்தில் ஏற்றி, அதைப் பிடித்து வைத்திருக்கும் பூட்டைத் திறந்துவிட வேண்டியதுதான். பிறகு அது ஓடுகிறதா, விழுந்து கிடக்கிறதா என்று அறிய வழியில்லை. நான் முதன்முதல் பூட்டைத் திறந்தபோது லினக்ஸும் சேர்ந்து உறைந்துபோனது. இருக்கும் நினைவகம் முழுவதும் தன்னுடையது என்று லினக்ஸ் நினைத்துக்கொண்டிருந்தது. டி.எஸ்.பியின் நிரல் கிடந்த இடத்திலேயே தன் சாமான்களையும் அது போட்டு வைத்திருந்தது. மேல்பகுதி உனக்கில்லை என்று எழும்பும்போதே அதற்குச் சொல்லிவிட வேண்டும் என்பதை இரண்டு நாள் முட்டி மோதிக் கற்றேன்.

அடுத்தது ஓர் எண்ணி. டி.எஸ்.பி சும்மா ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் இடத்தில் எழுத வேண்டும். லினக்ஸ் பக்கமிருந்து அந்த இடத்தை நான் படித்துப் பார்க்க வேண்டும். படித்தேன். பூச்சியம். மறுபடி படித்தேன். பூச்சியம். எனக்கு மேலே ஒரு மூத்த பொறியியலாளர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தனியாக இருந்தவர். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அவன் எழுதினவன்தான். தன்ர கொப்பியில எழுதி வச்சிருக்கிறான். வெளியில எழுதச் சொல்லி நீர்தான் சொல்லோணும்."

கொப்பி என்று அவர் சொன்னது கேஷ் நினைவகத்தை. டி.எஸ்.பி ஒவ்வொரு முறையும் தூரத்து நினைவகம் வரை போய்வராது. தேவையான பகுதியைக் கட்டம் கட்டமாகத் தன் பக்கத்திலேயே பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அதில்தான் படிக்கும், எழுதும். பிரதியை வெளியே தள்ளு என்று ஒரு வரி சேர்த்தேன். எண் ஓடத் தொடங்கியது. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கொழும்பில் இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது. டி.எஸ்.பியின் உள்ளே என்ன நடக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க எங்களிடம் ஒரு டீபக்கர் பெட்டி இருந்தது. இரவல் வாங்கியது என்பதால் அலுவலகத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. தோட்டத்து ஸ்டோரில் வைத்துச் சோதிக்கும் கட்டம் வந்தபோது, யார் போவது என்ற பேச்சே எழவில்லை. மூத்தவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நான் போனா வழியிலயே இறக்கிப்போடுவாங்கள். உம்மட ஐடியில பதுளை எண்டு கிடக்கு. உமக்கு ஒரு பிரச்சினையும் வராது."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன். சண்டை மறுபடி தொடங்கியிருந்த நாட்கள் அவை. ஆனாலும் மலைநாட்டுத் தமிழர்களான எங்களை ஆமிக்காரர்கள் வேறு கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எங்களுக்கே இருந்தது. இந்தப் பொருட்கள் கம்பனியுடையவை என்று ஒரு கடிதம் தாருங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். எதற்கு, ஏதாவதென்றால் ஒரு போன் அடியுங்கள் என்று சிங்களத்தில் அன்பாகச் சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஸ்டோரில் சலிக்கும் அறையின் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். குச்சி பொறுக்கும் மேசை அங்கிருந்து பார்த்தால் தெரியும். அம்மாவைச் சுற்றியிருந்த பெண்கள் முதல் இரண்டு நாளும் என்னோடு நிறையப் பேசினார்கள். தோட்டத்து லய வீட்டில் பிறந்து படித்து இப்படி வந்து நிற்கிறாயே என்றார்கள். மூன்றாம் நாள் இயந்திரத்தில் தூளைக் கொட்டினோம். ஒரு பக்கம் தூளும் மறுபக்கம் குச்சியும் தனித்தனியாக விழுந்ததைப் பார்த்த பிறகு அவர்கள் பேச்சு குறைந்தது. ஒருத்தி மட்டும் கேட்டாள்.

"இது வந்துட்டா நாங்க எங்க தம்பி போறது?"

ஸ்டோரில் வேறு வேலை தருவார்களாம் என்றேன். முதலாளி எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். அம்மா தலை நிமிராமல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மலை ஏறிக் கொழுந்து எடுக்க முழங்கால் விடவில்லை. அதனால்தான் ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள்.

பிறகு சிக்கல் தொடங்கியது. இயந்திரம் சிறிது நேரம் ஒழுங்காக ஓடும். திடீரென்று குச்சியே இல்லாத இடத்தில் காற்று ஊதி நல்ல தூளைத் தள்ளிவிடும். எல்லா முறையும் தகட்டின் வலது ஓரத்தில்தான். டீபக்கர் பெட்டி கையில் இல்லாததால், ஸ்டோருக்கு வருமுன் நானே ஒரு வழி செய்திருந்தேன். பொது நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, டி.எஸ்.பி தான் செய்வதையெல்லாம் அதில் குறிப்பாக எழுதும்படி செய்திருந்தேன். அந்தக் குறிப்பை எடுத்து எடுத்துப் பார்த்தேன். குச்சி இருந்தது, ஊதினேன் என்றே அது சொன்னது. படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தால் அங்கே குச்சி இல்லை. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வந்து கீழே கொட்டிக் கிடந்த தூளைப் பார்த்துவிட்டுப் போனார். போர்டைக் கொழும்புக்குக் கொண்டுபோய் டீபக்கரில் மாட்டிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

காலை பஸ்ஸில் பதுளையிலிருந்து புறப்பட்டேன். போர்டை ஒரு துவாயில் சுற்றி, காற்றைத் திறக்கும் இரண்டு வால்வுகளையும் அவற்றின் வயர்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மடிக்கணினிப் பையில் வைத்திருந்தேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். வழக்கம்தான். என் முறை வந்ததும் டின்னைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். துப்பாக்கி வைத்திருந்தவன் பின்னால் நகர்ந்தான். பஸ்ஸில் என்னோடு வந்தவர்கள் எல்லாரும் நகர்ந்தார்கள். பக்கத்து இருக்கையில் பண்டாரவளையிலிருந்து என்னோடு பேசிக்கொண்டு வந்த ஒரு மனிதர், என்னைத் தனக்குத் தெரியாது என்று யாரும் கேட்காமலே சொன்னார். பஸ் போய்விட்டது.

பொலிஸ் நிலையத்தில் முதலில் மரியாதையாகத்தான் விசாரித்தார்கள். இது என்ன என்று கேட்டார்கள். தேயிலை பிரிக்கும் இயந்திரத்தின் பாகம் என்றேன். தேயிலை பிரிக்க வயர் எதற்கு என்றார்கள். நான் சிங்களத்தில் விளக்கினேன். விளக்க விளக்க நிலைமை மோசமாகியது. இதில் இரண்டு மூளைகள் இருக்கின்றன என்றேன். ஒன்று செய்வது மற்றதுக்குத் தெரியாது, பொதுவான ஓர் இடத்தில் எழுதி வைத்துப் பேசிக்கொள்ளும் என்றேன். நேரம் வந்ததும் இந்த வால்வுக்குச் சமிக்ஞை போகும் என்றேன். எதிரில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பையில் நிரலின் அச்சுப் பிரதியும் இருந்தது. பஸ்ஸில் படித்துக்கொண்டு வரலாம் என்று எடுத்து வந்தது. ஆங்கிலம் தெரிந்த ஓர் அதிகாரி அதைச் சிவப்புப் பேனாவோடு படித்தார். எங்கள் தொழிலில் நிரல் எழுதும் கணினியை ஹோஸ்ட் என்போம், அது போய் ஓடும் போர்டை டார்கெட் என்போம். கமெராவைத் தட்டிவிடுவது டிரிகர். காற்றை ஊதும் இடத்துக்கு நான் வைத்திருந்த பெயர் ஃபயர். ஸ்டோருக்கென்று தனியாக அமைத்த பகுதிக்கு டார்கெட் பதுளை என்று பெயர் போட்டிருந்தேன். அவர் அந்த வரியை என் பக்கம் திருப்பி, பேனாவால் தட்டிக்காட்டினார்.

"பதுளையில் எது டார்கெட்?"

தேயிலை ஸ்டோர் என்றேன். அதன் பிறகு மரியாதை இல்லை. அந்தப் பகல் முழுவதும் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்பதில்லை என்பது மட்டும் போதும்.

கம்பனிக்குப் போன் பண்ணுங்கள் என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினேன். பண்ணினார்கள். அந்த அதிகாரி என் முன்னாலேயே முதலாளியோடு பேசினார். ரிசீவரை வைத்துவிட்டு, அவர் சொன்னதை எனக்குச் சொன்னார். பையன் நம்மிடம் வேலை செய்வது உண்மை. போர்டும் நம்முடையதுதான். ஆனால் அதை ஸ்டோரை விட்டு ஏன் வெளியே எடுத்தான் என்று தெரியாது, யாரையும் கேட்காமல் எடுத்திருக்கிறான். முதல்நாள் மாலைதான் போர்டைக் கொண்டுவருகிறேன் என்று அவரிடம் போனில் சொல்லியிருந்தேன். சரி, கவனமாக வாருங்கள் என்றவர் அவர்.

பஸ்காரர் மூலம் செய்தி தோட்டத்துக்கு எட்டி, மறுநாள் காலை அம்மா வந்தார். லயத்திலிருந்து இன்னொரு பெண்ணையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, என் பிறப்புச் சான்றிதழையும் பட்டமளிப்புப் படத்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். உள்ளே விடவில்லை. வெளியே மாமரத்தடியில் நின்றார்கள். அடைத்து வைத்திருந்த அறையின் கம்பி வழியாக அவர் நின்றது தெரிந்தது. காவலுக்கு நின்றவன் அவரை விரட்டாமல் இருந்தான், அதுவே பெரிது.

அந்த அறையில் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பயந்து பயந்து மனம் களைத்துப்போன பிறகு, தன்பாட்டில் அந்த நிரலுக்குள் போய்விட்டது. ஏன் எப்போதும் வலது ஓரம்? படம் நினைவகத்தில் இருக்கும் இடத்தை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நான் படத்தைப் பட்டை பட்டையாக அடுக்கியிருந்தேன். கடைசிப் பட்டை தகட்டின் வலது ஓரம். அது முடிகிற இடத்திலேயே, ஓர் இடைவெளியும் விடாமல், என் குறிப்புப் பகுதி தொடங்கியது. டி.எஸ்.பி கட்டம் கட்டமாகத்தான் பிரதி எடுக்கும். படத்தின் முடிவும் குறிப்பின் தொடக்கமும் ஒரே கட்டத்துக்குள் அகப்பட்டிருந்தன. அது குறிப்பை எழுதி வெளியே தள்ளும் ஒவ்வொரு முறையும், தன் பிரதியில் கிடந்த பழைய படத்தின் ஓரமும் சேர்ந்து வெளியே போய், புதிய படத்தின் மேல் விழுந்திருக்கிறது. முன்பு எப்போதோ விழுந்த குச்சியை அது இப்போது கண்டு ஊதியிருக்கிறது. நான் திரையில் பார்த்த படமோ லினக்ஸ் தனியாக எடுத்து வைத்த பிரதி. டி.எஸ்.பி பார்த்த படத்தை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பிழையைத் தேட நான் வைத்த குறிப்புத்தான் பிழையை உண்டாக்கியது. கொழும்பில் டீபக்கர் இருந்ததால் குறிப்பும் இல்லை, பிழையும் இல்லை.

குறிப்புப் பகுதியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். ஒரே வரி. அதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடிப்பார்களோ என்று அடக்கிக்கொண்டேன்.

என்னை வெளியே எடுத்தது என் பட்டமும் இல்லை, கம்பனியும் இல்லை. இரண்டு நாள் மாமரத்தடியில் நின்று பார்த்த அம்மா, திரும்பிப் போய்த் தோட்ட மேலாளரான தொரையின் பங்களா வாசலில் உட்கார்ந்துவிட்டார். தொரை நல்ல மனிதர், சிங்களவர். பொலிஸுக்கு ஒரு போன் போட்டார். பையன் நம் தோட்டத்துக் கூலிக்காரியின் மகன், எனக்குத் தெரியும், அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பிவிட்டார்கள். கூலிக்காரியின் மகன் என்ற அந்த ஒரு வார்த்தையிலிருந்து வெளியே வருவதற்குத்தான் நான் இருபது வருடங்கள் படித்தேன். கடைசியில் அந்த வார்த்தைதான் கதவைத் திறந்தது. வாசலில் அம்மா நின்றார். என் காதைப் பார்த்தார்.

"வா, மொதல்ல சாப்புடு," என்றார்.

போர்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாக அறுத்திருந்தார்கள். வெடிபொருள் ஒளித்திருக்கிறதா என்று பார்க்கச் சில்லையும் பெயர்த்திருந்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு துண்டுகளை அதே பிஸ்கட் டின்னில் போட்டுத் தந்தார்கள்.

பதுளையில் ஒரு தொலைத்தொடர்புக் கடையிலிருந்து கொழும்புக்குப் பேசினேன். முதலாளி மிகவும் வருத்தப்பட்டார். நிலைமை சீராகும்வரை வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார். பொலிஸிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். ஆனால் அவர், இயந்திரம் ஏன் பிழை செய்கிறது என்று ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். மூத்தவரிடம் ரிசீவரைக் கொடுக்கச் சொன்னேன். குறிப்புப் பகுதியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுங்கள் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு வராது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர், "ஓம், அதுதான்," என்றார்.

அடுத்த மாதம் முதலாளியின் வாகனத்தில், முதலாளியோடு சேர்ந்து மூத்தவரும் ஸ்டோருக்கு வந்தார். அந்த வாகனத்தை வழியில் எவரும் நிறுத்தவில்லை. புதிய போர்ட் பொருத்தி இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. மாலையில் மூத்தவர் மட்டும் லயத்துக்கு என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பை. அலுவலகத்தில் நான் வைத்திருந்த கோப்பை, செருப்பு, கல்குலேட்டர், அம்மா பின்னித் தந்த ஸ்வெட்டர் எல்லாம் அதில் இருந்தன. ஒன்றையும் விடாமல் எடுத்து வந்திருந்தார். வேலை போய்விட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. அந்தப் பைதான் சொன்னது.

அம்மா கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தார். எழும்பும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் உமக்காக ஒண்டும் கதைக்கேல்லை தம்பி. கதைச்சிருந்தா பொலிஸ் என்னையும் விசாரிச்சிருக்கும்."

"பரவாயில்லங்க," என்றேன். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. விசாரித்திருப்பார்கள், அவரைக் காப்பாற்றப் போன் போட ஒரு தொரையும் இருந்திருக்க மாட்டார்.

குச்சி பொறுக்கும் மேசையை எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கு ஸ்டோரில் வேறு வேலை இருக்கவில்லை. எல்லாரையும் மலைக்கு அனுப்பினார்கள். அம்மா முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றார். நான் பதுளையில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்து, கடிதம் தட்டச்சு செய்வதையும் கணக்குத் தாள் போடுவதையும் சொல்லிக்கொடுத்தேன். கொழும்பில் வேறு இரண்டு கம்பனிகளுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு இடத்திலும் என் நிரல் அறிவில் திருப்தி. இரண்டு இடத்திலும் பழைய முதலாளியிடம் விசாரித்தார்கள். பிறகு தகவல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோரில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"ஒன் மிசினு நல்லாத்தான் பொறுக்குதாம்," என்றார். "டீமேக்கர் ஐயாவே சொன்னாரு. ஒரு தப்பும் இல்லையாம்."

அதைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அவர் நினைத்தார். நான் மற்றக் காலைத் தரச் சொல்லித் தேய்த்தேன்.